மாற்ற வந்தவர்

சிறை வார்டருக்கு அன்றும் லீவு இல்லை. ஆள் பற்றாக்குறை, டபுள் டியூட்டி. மாலையில் அவர் மகள் பள்ளி நாடகத்தில் முதன்முறையாக மேடையேறுகிறாள். டியூட்டி மாற்ற ஆள் வராமல் கேட்டை விட்டு நகரக் கூடாது.

"காலையிலேர்ந்து அப்பா வருவாரா வருவாரான்னு ஒரே நச்சரிப்புங்க" என்றாள் மனைவி போனில்.

வெயில் தாழ்ந்தபோது மீசை வந்தார். வார்டருடன் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். போன மாதம் இதே கேட்டில், டியூட்டியில் நின்றபடியே மாரடைப்பில் இறந்துபோனவர். சீருடை கசங்காமல் இருந்தது.

"நீ கெளம்பு மாப்ள. நான் பாத்துக்கறேன்."

வார்டருக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஓடினார். மேடையிலிருந்து அவரைப் பார்த்துவிட்ட மகள், வசனத்தை மறந்து சிரித்தாள்.

இருட்டுவதற்குள் திரும்பினார். கைதிகள் உள்ளே அனுப்பப்பட்டு, எல்லா அறைகளும் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தன. மீசை சாவியைத் திருப்பித் தந்தார்.

"ரொம்ப நன்றிடா மச்சான். நீ போய் ரெஸ்ட் எடு."

"எப்படிடா போறது?" என்றார் மீசை. "அன்னிக்கு டியூட்டியையே இன்னும் யாரும் வந்து மாத்திவிடலையே."

கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், விறைப்பாக நின்றுகொண்டார்.