மேல் கம்பி

பாதி விலைக்கு வந்த, குட்டி கிட்டார் போன்ற பயண யுகுலேலேயைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், இன்னாசி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். நேர்தான். விரல் முட்டியால் பலகையைத் தட்டினார், பழுதில்லை. கோயில் பாடற்குழுவில் காலமெல்லாம் கிட்டார் வாசித்த கை அல்லவா? ஆனால் சுண்டிப் பார்த்ததும் முகம் சுளித்தது. கனமாக முழங்க வேண்டிய மேல் கம்பி கீச்சென்றது. "கம்பிய மாத்திக் கட்டி என் தலையில கட்டிட்டான்," என்று முணுமுணுத்தார். மனைவி ரெஜினாவுடையதும் இப்படித்தான் கீச்சிடும். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகிற ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பாள். "மேல் கம்பியத் தப்பாக் கட்டியிருக்கே," என்று இவரும் வருஷா வருஷம் சொல்வார். "எனக்கு இதான் பிடிச்சிருக்கு, போங்க," என்பாள். அவளைப் புதைத்தபோது அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் ரயிலில் வெறுங்கையோடு உட்கார மனம் வராமல்தான் இதை வரவழைத்தார். திருப்பி அனுப்ப டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "யுகுலேலேக்கு மேல் கம்பி அப்படித்தான்பா. அம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க." "அவளுக்குத் தெரியுமா?" "தெரியாம என்ன? அப்பா அதச் சொல்லாம ரயிலு நகராதுன்னு சிரிப்பாங்க." போனை வைத்துவிட்டு டேப்பைக் கிழித்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி அந்தக் கம்பியை மட்டும் சுண்டினார். "தப்பாக் கட்டியிருக்கே," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.