ஆயிரம் வருசத்துப் புது மண்டபம்

"அந்தச் சிலை மூக்கையும் உடைச்சிடுங்க அண்ணே," என்றாள் டிசைனர் பிரேமலதா.

துறையூர்க் கொத்தனார் அம்மாசிக்குக் கை வரவில்லை. "போன வாரம்தானே மெனக்கெட்டு வச்சேன். கல்யாண மண்டபத்துச் சிமெண்டு கூடக் காயலை."

"ஆயிரம் வருசத்துக் கோயில் மாதிரி தெரியணும்ல."

மண்டபத்தைக் கட்டும் ஸ்ரீரங்கத்து ஓட்டல் முதலாளி, தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அதட்டினார். "அது இத்தாலியில படிச்சிட்டு வந்திருக்குய்யா. சொன்னதைச் செய்யி."

இத்தாலி மூளை சொல்ல, துறையூர்க் கை அத்தனை மூக்கையும் தட்டியது.

மண்டபத்தில் முதல் கல்யாணம் முதலாளி மகளுக்குத்தான். இடத்தைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மூளியான சிலைக்கு முன்னாடி என் பையன் தாலி கட்டணுமா? இந்தச் சம்பந்தமே வேணாம். வண்டியை எடுங்க."

கார் போனதும் முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மணப்பெண்ணோ அழக்கூட இல்லை.

"விடுங்கப்பா. எனக்கு இவன் வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டீங்களா?" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அம்மாசி அருகில் வந்தாள் மணப்பெண் பிரேமலதா.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஷெட்டுல புது மூக்கெல்லாம் முன்னாடியே வார்த்து வச்சிருக்கேன். நாளைக்கு ஒட்டிடுங்க அண்ணே."