நிமிடத்துக்கு ஒரு படம்

உலகத்தில் எவனாவது மெதுவாக ஓடும் இயந்திரம்தான் வேண்டும் என்று கேட்பானா? கடைக்காரருக்கு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கலாம். "விழாவுல எல்லாரையும் போட்டோ எடுத்து, அங்கேயே அச்சடிச்சுக் குடுக்கணும் தம்பி. கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு பிரிண்டர் வாடகைக்கு வேணும்" என்றார்.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். ஓர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது சட்டைப் பையில போட்டுக்கலாம் சார். மையே கிடையாது. கலரெல்லாம் காகிதத்துக்குள்ளயே தூங்குது, சூடு பட்டா முழிச்சுக்கும். ஆனா படம் சீட்டுக்கட்டு அளவுதான் வரும். இதோ, இதைப் பாருங்க. விழா எடுக்கறவங்க எல்லாரும் கேக்கறது இதைத்தான். பத்தே வினாடி, படம் கையில!"

"பத்து வினாடியா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்! இருக்கறதுலயே மெதுவா எது?"

கடைக்காரர் தயங்கியபடி மூன்றாவதைத் தட்டினார். "இது ஒரு படத்துக்கு முழுசா ஒரு நிமிஷம் எடுத்துக்கும். காகிதம் நாலு தடவை வெளியே வந்து வந்து உள்ளே போகும். முதல்ல மஞ்சள், அடுத்து சிவப்பு, அப்புறம் நீலம். நாடாவுல இருக்கற சாயம் சூட்டுல ஆவியாகி காகிதத்துக்குள்ள இறங்கும். நாலாவது தடவை மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"அது வந்து வந்து போறது எல்லார் கண்ணுக்கும் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். பாக்கறவங்க இமைகூடக் கொட்ட மாட்டாங்க."

"அதுதான் வேணும்!" வந்தவர் மேசையில் ஓங்கி அடித்தார். "யார் படம் எப்போ வரும்னு தெரியக்கூடாது. கலைச்சுப் போட்டு அச்சடிக்கலாமா?"

"அடிக்கலாம்..."

"ஐம்பது பேர். ஐம்பது நிமிஷம். அதுக்குள்ள என் வேலையை முடிச்சிருவேன். போன தடவை பாதியிலேயே ஒவ்வொருத்தனா நழுவிட்டான். இந்தத் தடவை வாசல்ல என் மச்சானை நிறுத்தப்போறேன். ஒரு பய தப்ப முடியாது."

அவர் மண்டபத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து, மெஷினோடு போய் வெகுநேரம் கழித்துத்தான் கடைக்காரரின் மண்டையில் பல்பு எரிந்தது. ஐம்பது பேரின் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தால், பின்னால் எத்தனை பாக்கெட்டுகளை அறுக்கலாம்!

போன வருஷம் கடைக்காரரிடம் பிரிண்டர் வாங்கிய ஒருவன் போலி அடையாள அட்டை அடித்து மாட்டிக்கொண்டான். விற்ற பாவத்துக்கு இவர் மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்த்தார். "இன்னொரு தடவை உன் கடை மெஷின் ஏதாவது கேஸ்ல வந்துச்சு, ஷட்டரை நானே இறக்கிப் பூட்டிருவேன்" என்று சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் அனுப்பிவைத்தார்.

அந்த இன்ஸ்பெக்டரிடமே ஓடினார்.

விழா மாலை நான்கு மணிக்கு. இருவரும் விருந்தாளிகளைப் போல உள்ளே நுழைந்தார்கள். வாசலிலேயே விழாக்காரர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டரையும் விடவில்லை. "வேண்டாம்னு சொன்னா சந்தேகம் வரும்யா" என்று முணுமுணுத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

மேடைக்கு முன்னால் இயந்திரம் உறுமியது. காகிதம் எட்டிப் பார்த்தது. மங்கலாக ஒரு மஞ்சள் முகம்.

"யாரது? உங்க சித்தப்பாவா?"

"மஞ்சக்காமாலை வந்த எங்க மாமியார் மாதிரி இருக்கு."

"சும்மா இருடி, சிவப்பு விழட்டும்!"

காகிதம் உள்ளே போனது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அது ஏன்யா முதல்ல மஞ்சள்?" இன்ஸ்பெக்டர் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அது வந்து சார், நாடாவுல மூணு கலரும் வரிசையா, ஒவ்வொண்ணும் ஒரு படத்தோட நீளத்துக்கு..." கடைக்காரர் குஷியாக ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். "சார்! பாக்கெட் பத்திரம்!"

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

வாசலில் தடியான மச்சான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டான். டக்!

"ஆரம்பிச்சுட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். அவருடைய மனக்கண்ணில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டிருந்தது.

பிரிண்டரை வாடகைக்கு எடுத்த அந்த மனிதர் மேடைமேல் தென்பட்டார். கூட்டத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, தோளில் தொங்கிய பைக்குள் மெல்லக் கையை விட்டார்.

"அவசரப்படாதே. கையும் களவுமா பிடிக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

பையிலிருந்து வெளியே வந்தது அவருடைய சுயசரிதையின் மூன்றாம் பாகம்; தன் படம் எப்போது வரும் என்று தெரியாததால், இன்ஸ்பெக்டர் உட்பட ஐம்பது பேரும் அவர் கடைசிப் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.