எதற்கென்று தெரியாத அறை

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். போன வாரம் செங்கம் ரோட்டில் வாடகைக்கு வீடு கேட்டபோது, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த வீட்டுக்காரர் சம்பந்தம், “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். சொன்னதும் கதவைச் சாத்தினார்.

இன்று பௌர்ணமி. விடிந்ததிலிருந்து, என்னைத் தவிர, ஊரில் யாருக்கும் சாமியும் நினைவில்லை, சாதியும் நினைவில்லை. மலை சுற்ற வந்த கூட்டம், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ரோட்டோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. மறுபடி போய்த் தட்டினேன். சம்பந்தத்தின் நெற்றி வெறுமையாக இருந்தது. வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை. சாவியை நீட்டினார்.

“இந்தச் சின்ன ரூமையும் வெச்சுக்கம்மா. செவுரெல்லாம் கரி, கதவுல மணி வேற. எதுக்குக் கட்டினேன்னே தெரியல.”

பூஜையறை. நான் சொல்லவில்லை. அங்கேயே அடுப்பை வைத்துக் கருவாடு வறுத்தேன். சம்பந்தம் தட்டோடு வந்தார்.

“ஜாஸ்தி வேணாம்மா, ரெண்டு துண்டு போதும்.”

“இருங்க, நான் தின்னுட்டுத் தரேன்.”

வாசலுக்கு வெளியே நின்று காத்திருந்தார்.