மறிப்பேன்

நவீன ஐரிஷ் கவிதையோடு ஐந்து வருஷமாக முட்டி மோதி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பூங்கோதைதான் ஊர்மன்றத்தில் அந்தப் பேச்சை எடுத்தாள். அந்த மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. வருவாயா என்று கேட்டால் வருவேன் என்றுதான் சொல்லியாக வேண்டும். தலைவரே இல்லாத, எல்லோரும் பேசி முடிவெடுக்கிற மன்றம் அது. மன்றத்தாருக்கு இது பிடித்துப்போனது. இனி நாமும் செய்யப்போவதையே மன்ற நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம், தலையாட்டிவிட்டு நழுவ முடியாதில்லையா என்றார்கள்.

ஏரியில் கழிவு கொட்ட வந்த லாரிகளை மறித்த மறுநாள், அந்த நோட்டு இன்ஸ்பெக்டரின் மேசையில் கிடந்தது. நாற்பத்தொரு ‘மறிப்பேன்’, நாற்பது கையெழுத்து. கடைசியாக, எழுதத் தெரியாத மீன்காரப் பேச்சியின் கைநாட்டு.

“வெறும் ஆமான்னு இருந்தா, எதுக்கு ஆமான்னு கோர்ட்ல மண்டைய உடைச்சிட்டு இருந்திருப்போம். வேலைய மிச்சம் பண்ணிட்டீங்க,” என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். “இப்படி எழுதச் சொன்னது நீதானம்மா?”

பக்கத்து அறையில் பேச்சியின் அலறல் நின்று வெகுநேரமாகியிருந்தது.

“சொன்னேன்,” என்றாள் பூங்கோதை.

ஏட்டு வாக்குமூலத்தில் ‘ஆம்’ என்று எழுதினார்.

“நான் ஆம்னு சொல்லல சார். சொன்னேன்னு எழுதுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா,” என்றார் ஏட்டு.

“ஒண்ணில்லய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் இப்போது சிரிக்கவில்லை. “அவ சொன்ன மாதிரியே எழுது.”