மேஜைமேல் செருப்பு

பவுனுத்தாய் திருடிய ரப்பர் செருப்பு நீதிபதியின் மேஜைமேல் இருந்தது. கல்யாண மண்டப வாசலில் எடுத்தது. இதற்கு முன் பிடிபட்டபோதும் செருப்புதான், அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. மறுபடி மறுபடி திருடினால், பொருள் எதுவானாலும் மூன்று வருஷம். நீதிபதி அதைப் படித்துச் சொல்லிவிட்டு, "ஏதாவது சொல்றியாம்மா?" என்றார்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கூண்டில் ஏற வேண்டும் என்பது அந்தக் கோர்ட்டின் வழக்கம். அவளுக்குக் கழற்ற ஒன்றும் இருந்ததில்லை. கூண்டைவிட்டு இறங்கிப் போய் மேஜைமேல் இருந்த செருப்பை எடுத்தாள். தரையில் போட்டு, நிதானமாகக் காலில் மாட்டிக்கொண்டு, மறுபடி கூண்டில் ஏறி நின்றாள்.

டவாலி ஓடிவந்தார். "ஏய், கழட்டு! கோர்ட்டுக்குள்ளயே திருடுறியா?"

"திருட்டா? மூணு வருஷம் வெல போட்டுட்டீகல்ல? இனிமே இது எஞ் செருப்பு."

டவாலி தானே கழற்றக் குனிந்தார். அதற்கு அவள் காலைத் தொட வேண்டும். மொத்தக் கோர்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பவுனுத்தாய் வலது காலைச் சற்று முன்னால் நீட்டினாள்.