ஒரு முழங்கால் போர்வை

ஜவுளிக்கடை பிச்சையா முதன்முதலாகக் குரோஷா ஊசி பிடித்து, மூட்டுவலிக்கார மனைவி வடிவுக்கு மடிப்போர்வை பின்னினார். கற்றுக்குட்டிக் கை, வரிசைக்கு வரிசை கடைசிக் கண்ணியைத் தவறவிட்டது. அகலமாக ஆரம்பித்த போர்வை கைக்குட்டை மாதிரி முடிந்தது. மடியில் விரித்தால் ஒரு முழங்காலுக்குத்தான் காணும்.

“எனக்குமா அளவு குறைக்கிறீங்க?” என்று சிரித்தாள் வடிவு.

அவருக்குக் காது சுட்டது. தெரியாமல் குறைந்தது என்றால், இவர் சொல்லி யார் நம்புவார்? கடையில் துணியை இழுத்துப் பிடித்து அளந்தே ஆளுக்கு நாலு விரல் மிச்சம் பண்ணிய கைகள், தாமாகவே போர்வையின் ஓரங்களை இழுத்தன. மறு முழங்காலும் மூடியது.

வடிவு அந்தக் கைகளையே பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

“எங்கே, கையை எடுங்க பார்ப்போம்.”

பிச்சையா அவள் காலடியில் குந்தியபடி, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.